கோழி போகாது, நாய் போகும்: வன்னியிலிருந்து ஜேர்மனிக்கு வளர்ப்புப் பிராணிகளைக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு

குடும்ப இணைவு விசாவுக்கு விண்ணப்பிக்கப் போகிறோம் என்று சொன்ன அன்று என் மகன் கேட்ட முதல் கேள்வி, “சிவப்பிக்கும் கடவுச்சீட்டு எடுக்கவேண்டுமா அம்மா?” என்பதுதான். சிவப்பி எங்கள் பேட்டுக்கோழி. அவளோடு இன்னும் நான்கு பேடுகள், ஒரு சேவல், வீரன் என்ற ஊர் நாய். கிளிநொச்சியில் ஒரு சாதாரண வளவில் இருக்கக்கூடிய கூட்டம்தான்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி எட்டு மாதம் அலைந்தேன். கோழிக்கு வழி இல்லை என்று தெரிந்துகொள்ளவே ஐந்து வாரம் போயிற்று. நாய்க்கு வழி இருந்தது. ஆனால் ஒழுங்கு தெரியாமல் தொடங்கியதால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்தேன். கொழும்புக்கு அனாவசியமாகப் போய்வந்த வான் கூலியை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. உங்களுக்கு அது வேண்டாம்.

நான் போனது ஜேர்மனிக்கு. பிரான்ஸ், நெதர்லாந்து போன்ற மற்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் அடிப்படை ஒன்றுதான். சுவிஸ், பிரித்தானியா, கனடா போகிறவர்கள் அந்தந்த நாட்டுக்குரிய இடங்களைக் கவனித்து வாசியுங்கள்.

1. முதலில் போகும் நாட்டைக் கேளுங்கள்

நான் செய்த முதல் பிழை, இங்கே இருப்பவர்களிடம் கேட்டது. பயண முகவர் ஒருவர், “கோழிக்கும் பேப்பர் எடுக்கலாம், கொஞ்சம் செலவாகும்” என்று முற்பணம் வாங்கிக்கொண்டார். இலங்கையிலிருந்து ஒரு பிராணியை வெளியே அனுப்ப விடுவார்களா என்பது சிறிய கேள்வி. போய் இறங்கும் நாடு உள்ளே விடுமா என்பதுதான் பெரிய கேள்வி. அதற்கு விடை அந்த நாட்டு அரசின் விதிகளில் மட்டும்தான் இருக்கும். முகவரிடமோ விமான நிறுவனத்திடமோ இருக்காது.

கோழி விடயத்தில் அந்த விடை இதுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016ஆம் ஆண்டு 429ஆம் இலக்க விலங்குச் சுகாதார ஒழுங்குவிதி, எவை வளர்ப்புப் பிராணிகள் என்று பட்டியல் போடுகிறது. பறவைகள் அதில் உண்டு. ஆனால் கோழி, வான்கோழி, கினிக்கோழி, தாரா, வாத்து, காடை, புறா, கௌதாரி, தீக்கோழி இனங்கள் நீங்கலாக என்று அதே வரியில் எழுதியிருக்கிறது. நீங்கள் சிவப்பி என்று பெயர் வைத்து மடியில் வைத்து வளர்த்தாலும் சட்டத்தின் கண்ணில் அவள் பண்ணைப் பிராணி. பண்ணைக் கோழியை உயிரோடு கொண்டுபோவதென்றால், அதற்கென அனுமதிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் புறப்படும் நாடு இருக்கவேண்டும். இலங்கை அதில் இல்லை. அடைகாக்க வைக்கும் முட்டைக்கும் இதே கதைதான். முட்டையைப் பெட்டிக்குள் துணி சுற்றிக் கொண்டுபோய் அங்கே பொரிக்க வைக்கலாம் என்று எனக்கு யோசனை சொன்னவர்கள் மூன்று பேர். செய்யாதீர்கள்.

கனடாவும் வீட்டுக் கோழியை வளர்ப்புப் பறவை என்ற வகைக்குள் சேர்ப்பதில்லை. அமெரிக்காவில் ஒற்றைக் கோழியும் பண்ணைப் பறவைதான்: இறக்குமதி அனுமதி வேண்டும், அரச நிலையத்தில் 30 நாள் தடுப்புக்காப்பு, அதாவது தனிமைப்படுத்தல், வேண்டும், அதன் செலவும் உங்கள் தலையில். அவுஸ்திரேலியாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

காரணம் கேட்டால் பறவைக் காய்ச்சல், ரணிகேத் இரண்டும்தான். ரணிகேத் ஒரு வளவுக்குள் வந்தால் என்ன நடக்கும் என்று வன்னியில் கோழி வளர்த்த எவருக்கும் தெரியும். காலையில் கூடு திறந்தால் பாதி விழுந்து கிடக்கும். அதை நினைத்தபோது அந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. முகவர் மேல்தான் வந்தது. முற்பணத்தில் பாதியைத்தான் திரும்ப வாங்கினேன்.

பக்கத்தில் ஒரு எச்சரிக்கை. காட்டோரம் இருக்கிறவர்கள் சிலர் காட்டுக்கோழிக் குஞ்சைப் பிடித்து வளர்ப்பதுண்டு. அது நாட்டின் தேசியப் பறவை. அதைக் கொண்டுபோவது பற்றி அலுவலகத்தில் வாய் திறந்தால், கேள்வி கேட்கப் போன நீங்கள் பதில் சொல்லவேண்டியவராகிவிடுவீர்கள்.

2. கோழிகளை விட்டுப்போகும் ஏற்பாடு

போகாது என்று தெரிந்தபின் கடைக்கு விற்றுவிடலாம் என்றார் அம்மம்மா. மகன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. கடைசியில் பழைய வழக்கத்துக்கே வந்தோம்: பக்கத்து வளவு மாமியிடம் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க, விட்டோம். பேடுகள் எங்களுடையவை, வளர்ப்பு அவருடையது, பொரிக்கும் குஞ்சில் பாதி அவருக்கு, முட்டை முழுவதும் அவருக்கு. இதை வாயால் மட்டும் பேசாமல் ஒரு கொப்பித் தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொண்டோம். சிரிக்காதீர்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு கோழிக் கணக்கில் சண்டை பிடிப்பது மிகவும் கேவலம்.

விடுவதற்கு இரண்டு வாரம் முன்பே தடுப்பூசி போட்டுவிடுங்கள். அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் மருந்து கிடைக்கும். ஒரு குப்பி உங்கள் ஆறு கோழிக்கு மிக அதிகம், கலக்கியபின் வைத்துப் பாவிக்கவும் முடியாது. அதனால் ஒழுங்கையில் உள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் போடுவதுதான் புத்தி.

கைமாற்றும் விதம் முக்கியம். பகலில் பிடித்துக் கொண்டுபோய் விட்டால் பொழுதுபட எல்லாம் உங்கள் முருங்கையிலேயே வந்து ஏறி நிற்கும். இரவில், கோழி கண் மங்கி நிற்கும் நேரத்தில், கடகத்தில் வைத்துச் சாக்கால் மூடிக் கொண்டுபோங்கள். ஒரு வாரம் புதிய கூட்டுக்குள்ளேயே அடைத்துத் தீனி வையுங்கள். பழைய தண்ணீர்ச் சட்டியையும் அவை ஏறி நின்ற தடியையும் கூடவே கொடுத்துவிடுங்கள். நாங்கள் தடியைக் கொடுக்க மறந்தோம். சிவப்பி மூன்று இரவு நிலத்தில் படுத்தாள். நான்காம் நாள் மகன் தடியைத் தோளில் வைத்துக்கொண்டு மாமி வீட்டுக்கு நடந்தான்.

3. நாய்: நாட்காட்டியை முதலில் போடுங்கள்

விசர்நாய் நோய் விடயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் உலக நாடுகளைப் பிரித்து வைத்திருக்கிறது. இலங்கை ஆபத்துக் குறைந்த நாடுகளின் பட்டியலில் இல்லாத நாடு. அதனால் தடுப்பூசி மட்டும் போதாது, இரத்தப் பரிசோதனையும் காத்திருப்பும் உண்டு. ஒழுங்கு இதுதான்:

மைக்ரோசிப், அதாவது தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லு. அதன்பின் விசர்நாய்த் தடுப்பூசி. அதிலிருந்து குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்தல். இரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதக் காத்திருப்பு. பின்னர் சுகாதாரச் சான்றிதழ். பயணம்.

கூட்டிப் பாருங்கள். எல்லாம் முதல் தடவையிலேயே சரியாக நடந்தாலும் நான்கு மாதம். மாதிரி அனுப்புதல், படிவம், கூடு, விமான முன்பதிவு என்று ஐந்து மாதம் வைத்துக்கொள்ளுங்கள். விசா வந்தபின் தொடங்கலாம் என்று இருந்தீர்களோ, முடிந்தது. விசாவில் குறித்த நாட்களுக்குள் நீங்கள் போயாகவேண்டும், நாய்க்கோ மூன்று மாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

“நான் முன்னே போகிறேன், நாயைப் பிறகு தம்பி அனுப்புவான்” என்பதும் சரிவராது. நாய்க்கும் சொந்தக்காரருக்கும் இடையே பயண இடைவெளி 5 நாளுக்கு மேல் போனால், அதை வளர்ப்புப் பிராணியின் பயணமாகக் கணக்கெடுக்கமாட்டார்கள். வியாபாரச் சரக்கு என்ற வேறு விதிக்குள் விழும். அது நம்மால் ஆகிற காரியம் அல்ல.

என் கணக்கு: வாழ்க்கைத்துணை விசாவுக்கு ஜேர்மன் மொழி ஏ1 சோதனை எழுதவேண்டும் அல்லவா? அந்த வகுப்புக்குப் பணம் கட்டும் அன்றே நாய்க்கு மைக்ரோசிப் போடுங்கள். வேற்றுமை உருபுகளோடு நீங்கள் மல்லுக்கட்டும் மாதங்களில் நாயின் நாட்களும் சேர்ந்தே ஓடிவிடும்.

4. மைக்ரோசிப்: ஊசிக்கு முன்னால், பின்னால் அல்ல

நான் விழுந்த குழி இது.

வீரனுக்கு வருடா வருடம் சனசமூக நிலையத்தடியில் சுகாதாரப் பகுதியினர் இலவசமாகத் தடுப்பூசி போட்டார்கள். நான்கு வருட அட்டைகளும் பத்திரமாக இருந்தன. கொழும்பில் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் சிப் மட்டும் பொருத்திக்கொண்டு பெருமையோடு வீடு திரும்பினேன். ஐந்து வாரம் கழித்து இரத்தம் எடுக்கப் போனபோது, வைத்தியர் அட்டையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “அக்கா, சிப் பொருத்திய திகதிக்குப் பிறகு போட்ட ஊசி எது?” ஒன்றும் இல்லை.

சிப் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி, எந்த நாய்க்குப் போட்டது என்று நிரூபிக்க முடியாத ஊசி. ஐரோப்பா அதைக் கணக்கெடுக்காது. அன்றே புதிதாக ஊசி போட்டு, மறுபடி 30 நாளை எண்ணத் தொடங்கினேன்.

ஆகவே ஒரே நாளில், ஒரே மேசையில், முதலில் சிப், அடுத்தது ஊசி. சிப் 15 இலக்கம் கொண்டதாகவும் ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்துக்கு உரியதாகவும் இருக்கவேண்டும். பொருத்தியதும் வாசிப்பான் கருவியால் உங்கள் முன்னே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். குட்டியென்றால் 12 வாரம் நிறைந்திருக்கவேண்டும்.

தடுப்பூசிப் பதிவில் இவை எல்லாம் இருக்கின்றனவா என்று மேசையை விட்டு எழும்ப முன் பாருங்கள்: சிப் இலக்கம், சிப் பொருத்திய திகதி, தடுப்பூசியின் பெயர், தொகுதி இலக்கம், போட்ட திகதி, எத்தனை காலத்துக்குச் செல்லும் என்பது, வைத்தியரின் கையொப்பமும் முத்திரையும். குப்பியில் இருக்கும் சிறிய ஒட்டியைக் கழற்றி அட்டையில் ஒட்டித் தரச் சொன்னால் தருவார்கள்.

வடக்கில் சிப் வசதி எல்லா இடத்திலும் எப்போதும் இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். தொலைபேசியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: சிப் கையிருப்பில் உள்ளதா, வாசிப்பான் வேலை செய்கிறதா. இரண்டாவது கேள்வியை நான் வீணாகச் சொல்லவில்லை.

5. இரத்தப் பரிசோதனை

விசர்நாய் நோய்க்கு எதிரான பிறபொருளெதிரி இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை இது. மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகோ அதற்கு மேலோ வரவேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்தில் செய்தால்தான் செல்லும். வேறு எந்த ஆய்வகத்தின் முடிவும், எத்தனை முத்திரை குத்தியிருந்தாலும், கடதாசிதான். எங்கள் மாதிரி ஜேர்மனியில் கீசன் நகரப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்துக்குப் போனது.

30 நாள் என்றால் 30ஆம் நாளே போய் நிற்காதீர்கள். நான்கைந்து நாள் விட்டுப் போனால் எண்ணுவதில் தகராறு வராது. ரொம்பவும் தள்ளிப் போடவும் வேண்டாம், அளவு மெல்ல இறங்கும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஊசி போட்ட நாய்க்கு அளவு போதாமல் போவதுண்டு. வருடா வருடம் போட்ட நாய்க்கு அந்தப் பயம் குறைவு. சட்டத்தின் கணக்கில் வராத அந்தச் சனசமூக நிலைய ஊசிகள் வீரனின் இரத்தத்தில் கணக்காக இருந்தன என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

இரத்தத்தை அப்படியே அனுப்புவதில்லை. சீரத்தை, அதாவது இரத்தத்தின் தெளிந்த நீர்ப் பகுதியை, பிரித்தெடுத்து, குளிர்ப்பொதியோடு கட்டி, கூரியரில் அனுப்புவார்கள். இதை முழுவதும் செய்து தரும் சிகிச்சை நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். கிளிநொச்சியில் இரத்தம் எடுத்து நாமே குளிர்ப்பெட்டியில் பஸ்ஸில் கொண்டுபோவது என்ற யோசனை எனக்கும் வந்தது. மே மாதத்து ஏ9 வீதியில் அதைச் செய்யாததற்கு இன்று மகிழ்கிறேன். வெள்ளிக்கிழமை அனுப்பவேண்டாம். சனி, ஞாயிறில் எங்காவது களஞ்சியத்தில் கிடக்கும்.

இனி அந்த 15 இலக்கம். ஆய்வகப் படிவத்தை நிலையத்து உதவியாளர் கையால் நிரப்பினார். நான் மேலோட்டமாகப் பார்த்துக் கையொப்பம் வைத்தேன். மூன்று வாரத்தில் முடிவு வந்தது. அளவு தாராளமாக இருந்தது. இரவு பாயில் இருந்து சிப் இலக்கத்தை ஒவ்வொன்றாக விரல் வைத்து ஒப்பிட்டேன். கடைசி இரண்டு இலக்கம் அட்டையில் 37. முடிவில் 73. ஆய்வகம் பிழை விடவில்லை. படிவத்தில் எழுதியதைத்தான் அவர்கள் அச்சடித்திருந்தார்கள். திருத்தம் கேட்டு வைத்தியரிடம் கடிதம் எடுத்து, என் கணவர் அங்கிருந்து ஆய்வகத்தோடு பேசி, புதிய அறிக்கை வர இன்னும் இரண்டு வாரம் போனது. பிராங்பேர்ட்டில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் அந்த நாய் வேறு நாய்.

ஆகவே இலக்கத்தைக் கையால் எழுத விடாதீர்கள். சிப்போடு வரும் ஒட்டிகளில் இரண்டு மூன்றைக் கேட்டு வாங்கிப் படிவத்திலும் மாதிரிக் குழாயிலும் ஒட்டுங்கள்.

ஒரு நல்ல செய்தி: அடுத்தடுத்த தடுப்பூசிகளைக் காலம் தவறாமல் போட்டுவந்தால் இந்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்யவேண்டியதில்லை. ஒரு நாள் பிந்தினாலும் மறுபடி முதலிலிருந்து. அதனால் மூன்று மாதக் காத்திருப்புக்குள் பழைய ஊசியின் காலம் முடிகிறதா என்று பாருங்கள்.

6. கூடு

பரந்தனில் எங்களுக்குத் தெரிந்த தச்சு ஆசாரி ஒருவர் வேப்பம் பலகையில், முன்புறம் பூவேலை வைத்து, கோயில் சப்பறம் போல ஒரு கூடு செய்து தந்தார். சரக்கு முகவர் படத்தைப் பார்த்ததுமே முடியாது என்றார். இரண்டு காரணம். காற்றோட்டம் நான்கு பக்கமும் இருக்கவேண்டும், இதில் இரண்டு பக்கம்தான். அடுத்தது, பலகை மரத்தால் செய்த பொதிக்கு வெப்பச் சிகிச்சை செய்த முத்திரை கேட்பார்கள். பிளைவூட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் அது தேவையில்லை. சப்பறம் இப்போது மாமி வீட்டில் கோழிக்கூடாக இருக்கிறது. சிவப்பிக்கு நல்ல யோகம்.

அளவெடுக்கும் முறை: நாயை நிற்க வைத்து, மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரை நீளம். நிலத்திலிருந்து முன்னங்கால் முழங்கை வரை உயரம். தோள் அகலம். நிலத்திலிருந்து தலை உச்சிவரை, காது நிமிர்ந்ததென்றால் காது நுனிவரை உயரம். கூட்டின் உள் நீளம் முதல் அளவோடு இரண்டாவதில் பாதி. உள் அகலம் தோள் அகலத்தின் இரு மடங்கு. உள் உயரம் தலை உயரத்தோடு விரிப்பின் கனம். வீரனுக்கு 72, 32, 24, 66 சென்ரிமீற்றர் வந்தன. அதன்படி கூட்டின் உள்ளளவு 88 நீளம், 48 அகலம், 68 உயரம்.

இதைவிடப் பெரிதாக வாங்கினால் நாய்க்குச் சுகம் என்று நினைப்போம். பணப்பைக்குச் சுகம் இல்லை. விமானச் சரக்கு நிறையைப் பார்ப்பதைவிடக் கன அளவைப் பார்க்கும். வெளியளவில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 6000ஆல் வகுப்பார்கள். எங்கள் கூட்டின் வெளியளவு 92, 54, 74. வகுத்துப் பார்த்தால் 61 கிலோவுக்கு மேல். வீரனின் உண்மையான நிறை 17 கிலோ. கட்டணம் 61 கிலோவுக்கு.

கூடு வந்ததும் திண்ணையில் திறந்து வைத்து உள்ளே சோறு போடுங்கள். ஒரு மாதத்தில் அது தன் வீடு என்று நாய் நினைத்துவிட்டால் பயணத்தில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பயணத்தன்று மயக்க மருந்து கொடுக்கவேண்டாம். உயரத்தில் மூச்சுக்கு ஆபத்து, நிறுவனங்களும் ஏற்காது.

7. கடைசிப் பத்து நாள்

ஐரோப்பிய ஒன்றியச் சுகாதாரச் சான்றிதழ் அரச கால்நடை வைத்திய அதிகாரியின் கையொப்பம் பெற்றதாக இருக்கவேண்டும். கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் விலங்குத் தடுப்புக்காப்புப் பிரிவுதான் இதற்குரிய இடம். தனியார் வைத்தியர் நாயைப் பரிசோதித்து எழுதித் தருவது அதற்கு முன்கட்டம் மட்டுமே. சான்றிதழ் எழுதிய நாளிலிருந்து 10 நாளுக்குள் ஐரோப்பிய எல்லையில் பரிசோதனை முடியவேண்டும். புறப்படும் நாளைக் கணக்கெடுக்காதீர்கள், இறங்கும் நாள்தான் கணக்கு.

ஜேர்மனியில் இறங்குவதென்றால் ஜேர்மன் மொழியும் ஆங்கிலமும் சேர்ந்த படிவம் வேண்டும். படிவம் அவ்வப்போது மாறும். உறவினர் போன வருடம் பாவித்ததைப் பிரதி எடுக்காமல், பயணத்துக்குச் சற்று முன் புதிதாக இறக்குங்கள். கையொப்பமும் முத்திரையும் அச்சு நிறத்திலிருந்து வேறுபடவேண்டும். கறுப்பில் அச்சடித்தால் நீலப் பேனா. நான் இரண்டு நீலப் பேனாவைக் கைப்பையில் வைத்திருந்தேன். அங்கே மேசையில் இருந்தது கறுப்புதான்.

இது வியாபாரப் பயணம் அல்ல என்று சொந்தக்காரர் கையொப்பமிடும் உறுதிமொழி, தடுப்பூசிப் பதிவு, ஆய்வக முடிவு எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதிகள். அலுவலகத்துக்கு முன்கூட்டியே பேசி நாள் குறித்துக்கொள்ளுங்கள். போயா தினங்களையும் நீண்ட வார இறுதிகளையும் நாட்காட்டியில் பாருங்கள். 10 நாளில் நான்கு நாள் விடுமுறையில் போனால் மிச்சம் ஓட்டம்தான்.

கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் நாயோடு போகவேண்டும். பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். வான் பிடித்து இரவில் புறப்படுங்கள். அநுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழி வந்தால் கொழும்பு நெரிசலுக்குள் நுழையாமலே கட்டுநாயக்க வந்துவிடலாம். அலுவலக வேலைக்கும் பயணத்துக்கும் இடையே ஊருக்குத் திரும்பாமல் நீர்கொழும்புப் பக்கம் தெரிந்தவர் வீட்டில் தங்கினால் ஒரு சுற்று வான் கூலி மிச்சம்.

8. விமானமும் பிராங்பேர்ட்டும்

விமானச் சீட்டை வாங்கிவிட்டு நாயைக் கேட்பது தலைகீழ் வேலை. நாய்க்கு இடம் உறுதியான விமானத்தில்தான் உங்களுக்கும் சீட்டு எடுக்கவேண்டும். வளைகுடா நாட்டில் மாறிப் போவதென்றால் அங்கே எத்தனை மணி நேரம், கோடை வெயிலில் ஏற்றுவார்களா, இடைத்தங்கலுக்குத் தனிக் கடதாசி வேண்டுமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். எங்களுக்கு நாயின் சரக்குக் கட்டணம் என் சீட்டை விட அதிகம். மொத்தச் செலவில் முதலிடம் அதற்கு. இரண்டாமிடம் நான் அனாவசியமாக ஓடிய வான்களுக்கு. ஆய்வகக் கட்டணம் யூரோவில் வரும், ஆனால் கூரியர்தான் அதைவிடக் கடிக்கும். சிப்பும் ஊசியும் இவற்றுக்கு முன் சில்லறை.

பிராங்பேர்ட்டில் பொருட்களோடு பச்சை வழியால் நடந்துவிடாதீர்கள். நாயை அறிவிக்கவேண்டும், சிவப்பு வழி. சிப்பை வாசித்து, கடதாசியோடு ஒப்பிடுவார்கள். பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பலாம், உங்கள் செலவில் தனிமைப்படுத்தலாம், இரண்டும் முடியாவிட்டால் கொல்லவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த 37ஐயும் 73ஐயும் நான் ஏன் இவ்வளவு எழுதினேன் என்று இப்போது விளங்கும்.

சரக்காக வந்த நாய்க்குச் சுங்கம் உண்டு என்று சிலர் பயமுறுத்துவார்கள். குடிபெயர்ந்து வருபவர் ஆறு மாதத்துக்கு மேல் தன்னிடம் இருந்த உடைமையைக் கொண்டுவரும்போது வரிவிலக்குக் கேட்கலாம், வளர்ப்புப் பிராணியும் அதற்குள் அடங்கும். பழைய தடுப்பூசி அட்டைகளை எறியவேண்டாம் என்று சொல்வது இதற்காகவும்தான். வந்தபின் நகரசபையில் பதிந்து வருடாந்த நாய் வரி கட்டவேண்டும்.

பிட்புல், புல் டெரியர் போன்ற சில இனங்களும் அவற்றின் கலப்பும் ஜேர்மனிக்குள் கொண்டுவரத் தடை. ஊர் நாய்க்குப் பிரச்சினை இல்லை. இனம் என்ற இடத்தில் “கலப்பு” என்று எழுதினோம். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

9. மற்ற நாடுகள் பற்றிச் சுருக்கமாக

சுவிஸ்: நேரே சூரிச் அல்லது ஜெனீவாவில் விமானத்தில் இறங்குவதென்றால் மேலே சொன்னவற்றோடு சுவிஸ் மத்திய கால்நடை அலுவலகத்தின் முன் அனுமதியும் வேண்டும். மூன்று வாரத்துக்குக் குறையாமல் முன்னரே விண்ணப்பியுங்கள்.

பிரித்தானியா: இரத்தப் பரிசோதனை, மூன்று மாதம் எல்லாம் உண்டு. கூடவே, இறங்குவதற்கு 24 முதல் 120 மணி நேரம் முன்னர் நாடாப்புழு மருந்து கொடுத்து வைத்தியர் பதியவேண்டும்.

கனடா: விசர்நாய் ஆபத்துள்ள நாடுகளிலிருந்து வியாபார நோக்கில் நாய்கள் வருவதை 2022 செப்டெம்பர் 28 முதல் தடைசெய்திருக்கிறார்கள். இலங்கை அந்தப் பட்டியலில் உண்டு. உங்கள் சொந்த நாய் உங்களோடு வருவது வேறு வகை. ஆனால் “மச்சானுக்கு ஒரு நாய் கொண்டுபோகிறேன்” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால், தத்துக்கொடுக்கும் நாய் என்று தடைக்குள் போய்விடும்.

10. வந்த இடத்தில் மறுபடி கோழி

வீட்டுக்காரர் சம்மதித்தால் ஜேர்மனியில் கோழி வளர்க்கலாம். ஒரே ஒரு கோழி என்றாலும் உள்ளூர்க் கால்நடை அலுவலகத்திலும் விலங்கு நோய் நிதியத்திலும் பதியவேண்டும். ரணிகேத் தடுப்பூசி கட்டாயம். சமையலறை மிச்சம் போடுவது சட்டப்படி தடை: சோற்றுப் பருக்கையை முற்றத்தில் வீசிப் பழகிய கைக்கு இது பெரிய தண்டனை. பறவைக் காய்ச்சல் வரும் காலத்தில் வெளியே விடாமல் அடைத்து வைக்கச் சொல்லி உத்தரவு வரும். இங்கிலாந்திலும் 2024 ஒக்டோபர் 1 முதல் ஒற்றைக் கோழிக்கும் பதிவு கட்டாயம். ரொறொன்ரோவில் நகரசபை விதிப்படி வீட்டில் கோழி வைத்திருக்கவே முடியாது.

நாங்கள் இன்னும் வாங்கவில்லை. மூன்றாம் மாடியில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமி தொலைபேசியைச் சப்பறத்துக்கு முன்னால் பிடிப்பார். வீரன் எழும்பி வந்து காதை நிமிர்த்திக்கொண்டு திரையை முகருவான். சிவப்பி இந்த முறை பதினொரு முட்டையில் ஒன்பதைப் பொரித்தாள். பங்குக் கணக்கில் எங்களுக்கு நான்கு. இரண்டைக் கீரி கொண்டுபோய்விட்டது என்கிறார் மாமி. கீரிக்கு எங்கள் பங்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று மகன் கேட்கிறான்.